யானைக்குக் கீழே எழுதிய பெயர்

அப்பு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம் கேட்டது ஒரு பட்டியல். "பாப்பாவுக்கு வீட்ல செய்ற மாதிரி ஈஸியா எதாச்சும் ஆக்டிவிட்டி இருந்தா எழுதி அனுப்பும்மா. ஸ்கூல்ல கேக்கறாங்க. பென்சிலத் தொடவே மாட்டேங்கறாளாம். நீதான் அம்புட்டு வருசம் பால்வாடியில பண்ணவளாச்சே" என்றாய். பத்து பாயிண்ட் போதும், வாட்ஸ்அப்பில் போட்டு விடு என்றும் சொன்னாய். சரி என்று போனை வைத்தேன். அன்றைக்கே உட்கார்ந்து 'ஒன்று, வெண்டைக்காய் அச்சு' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. மூன்று நாளாக அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தோரு வருடம் ஊரார் பிள்ளைகளுக்குக் களிமண் பிசைந்து கொடுத்தவளுக்கு, சொந்தப் பேத்திக்குப் பத்து வரி எழுத வரவில்லை. அதனால் பட்டியலை விட்டுவிட்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. படித்த பிறகு நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் ஏன் என்று கேட்க எனக்கு வாய் கிடையாது.

நீ கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கு. மஞ்சள் தூளைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் குழைத்து ஒரு தட்டில் வை. வெட்டின பக்கத்தை அதில் தொட்டுப் பழைய நோட்டில் ஒற்றினால் ஐந்து இதழோடு பூ விழும். பீட்ரூட் தோலைக் கொதிக்க வைத்த தண்ணீரில் சிவப்பு வரும். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டி ஒற்றினால் சின்னச் சின்னக் கட்டமாக விழும். இதற்கெல்லாம் கடைக்குப் போக வேண்டாம். உங்கப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றிவிட்டு வரும்போது துண்டில் முடிந்து கொண்டுவருவாரே, அந்த முற்றல் காய்தான் எனக்கு அத்தனை வருடமும் சரக்கு. "இது சாம்பாருக்கும் ஆகாது, வெஞ்சனத்துக்கும் ஆகாது. உன் பிள்ளைகளுக்காவது ஆகுமான்னு பாரு" என்று அவிழ்த்துக் கொட்டுவார். மூன்று வயதில் நீயும் என் பால்வாடியில்தான் இருந்தாய். மஞ்சளில் தொட்ட வெண்டைக்காயை முதலில் தாளில் ஒற்றினாய், பிறகு உன் தொடையில், பிறகு என் சேலையில். அந்தச் சேலையை நான் துவைத்துவிட்டேன். கறை போகட்டும் என்று இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்தேன்.

இப்போது நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். இல்லை, நீ அறிந்ததுதான், நான் சொல்லாமல் விட்டது. பால்வாடிச் சுவரில் பிள்ளைகள் செய்ததை ஒட்டி வைக்க வேண்டும் என்பது விதி. நானும் ஒட்டினேன். மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளை செய்தது எப்படி இருக்கும்? மூக்கு ஒழுக ஒழுகத் தேய்த்திருக்கும். ஒரு பூ விழுந்திருக்கும், மீதி எல்லாம் அப்பிக் கிடக்கும். முதல் தடவை பார்க்க வந்த மேற்பார்வை அம்மா சுவரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கிறுக்கித் தள்ளி வெச்சிருக்கீங்க? படம்னா பாத்தா படம் மாதிரி தெரிய வேணாமா? பெரிய அதிகாரி வந்தா என் மானம் போயிரும்" என்றார். அடுத்த தடவை நானே வரைந்து ஒட்டினேன். அது பெரியவர் கை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது, அதற்கும் திட்டு. அப்போதுதான் எனக்கு அந்தக் கெட்ட புத்தி வந்தது. வீட்டில் ஏழு வயதில் ஒரு கை இருக்கிறது. அந்தக் கை போட்டால், கெட்டிக்கார நாலு வயதுப் பிள்ளை போட்ட மாதிரியே இருக்கும்.

சாயங்காலம் ஆனால் உன்னைச் சமையற்கட்டு வாசலில் உட்கார வைத்துவிடுவேன். உன் வயதுப் பிள்ளைகள் கிணற்று மேட்டில் கத்துகிற சத்தம் கேட்கும். நீ சார்ட்டுக்கு முன்னால் குனிந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு கலர் அடிப்பாய். நான் அடுப்படியிலிருந்தே மேற்பார்வை பார்ப்பேன். "கோட்டுக்கு வெளிய போகக் கூடாது. ஆனா ரொம்ப நல்லாவும் இருக்கக் கூடாது, நாலு வயசுப் பிள்ளை போட்ட மாதிரி இருக்கணும்." இப்படி ஒரு கட்டளையை எந்தப் பைத்தியக்காரி போடுவாள்? ஆனாலும் நீ புரிந்துகொண்டாய். ஒரு கால் கொஞ்சம் குட்டையாக, ஒரு கண் கொஞ்சம் பெரிதாக, கலர் மட்டும் கோட்டுக்குள். கை தவறிக் கோட்டைத் தாண்டிவிட்டால் நான் அடுப்பை விட்டு எழுந்து வந்து உன் புறங்கையில் ஒன்று வைப்பேன். "அது கையா காலா?" என்பேன். அது என் வாய்க்குப் பழகிப்போன வார்த்தை. பால்வாடியில் மற்றப் பிள்ளைகளிடம் நான் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. அங்கே நான் பொறுமைசாலி டீச்சர் என்று பெயர் வாங்கியவள்.

நீ முடித்துக் கொடுத்ததும் ஒவ்வொன்றுக்கும் கீழே ஸ்கெட்ச் பேனாவில் ஒரு பெயர் எழுதுவேன். செல்வி, வயது நான்கு. பாண்டி, வயது மூன்றரை. நிஜமாகவே செல்வியும் பாண்டியும் செய்த தாள்களைக் கழற்றி ஆயாவிடம் கொடுத்துவிடுவேன். அவர் அதைப் பற்றவைத்துத்தான் முட்டை அவிக்கும் அடுப்பை மூட்டுவார். உன்னை மட்டும் நான் அழிக்கவில்லை அப்பு, அத்தனை பிள்ளைகளின் கையையும் சேர்த்து அடுப்பில் வைத்தேன். அப்போது அது தப்பு என்றுகூடத் தோன்றவில்லை. எல்லா மையத்திலும் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற மையங்களை நான் போய்ப் பார்த்ததுகூட இல்லை.

அந்த யானையை மட்டும் நான் கேட்காமல் நீயாகப் போட்டாய். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு யானை. யானை அந்த நிறத்தில் இருக்காதே என்றதற்கு, "இது கத்தரிக்கா நெறயத் தின்ன யானம்மா" என்றாய். அதைச் சுற்றி வெண்டைக்காயால் பூ ஒற்றியிருந்தாய். தும்பிக்கை தாளின் ஓரத்துக்குப் போய், இடம் போதாமல் மடங்கி, மறுபடி உள்ளே வந்திருந்தது. கோட்டுக்கு வெளியே போகிற பேச்சே இல்லை, ஏனென்றால் அதில் நீ கோடே போடவில்லை. பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டுத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு பிடித்திருந்தது. அதை நான் உன்னிடம் சொன்னேனா? சொல்லவில்லை. "இதையும் ஒட்டிரலாம்" என்றேன். கீழே 'முருகேசன், வயது நான்கு' என்று எழுதினேன். முருகேசனுக்குத் தன் பெயரையே முழுசாகச் சொல்ல வராது.

பெரிய அதிகாரி வந்த நாள் ஒரு சனிக்கிழமை. உனக்குப் பள்ளிக்கூடம் இல்லாததால் சத்துமாவு உருண்டை கிடைக்கும் என்று நீயும் வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தாய். அவர் சுவரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். யானையிடம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அருமையா இருக்கே. யார் இந்த முருகேசன்?" என்று கேட்டார். நான் முருகேசனைத் தூக்கிக் காட்ட எழுந்தேன். அதற்குள் நீ எழுந்து நின்றுவிட்டாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். "சார், அது நான் போட்டது சார்" என்றாய்.

மேற்பார்வை அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் வேலை போய்க்கொண்டிருப்பதை நான் பார்த்தேன். யோசிக்கவே இல்லை. என் வாயிலிருந்து தானாக வந்தது: "இல்ல சார். இவன் என் மகன். சும்மா பொய் சொல்லுவான். எதப் பாத்தாலும் நான் போட்டதும்பான்." சொல்லிவிட்டுச் சிரித்தேன் அப்பு. உண்மை மாதிரித் தெரிய வேண்டுமே என்று சிரிக்கவும் செய்தேன். அதிகாரியும் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. உன் தோளில் கை வைத்து, "டீச்சர் மகன் பொய் சொல்லலாமா? தப்புன்னு சொல்லுப்பா" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன், சொல்லு என்று. "தப்பு சார்" என்றாய். அவர் தன் பையிலிருந்து ஒரு கலர் பென்சில் பெட்டியை எடுத்து முருகேசன் கையில் கொடுத்தார். எல்லாரையும் கை தட்டச் சொன்னார். பிள்ளைகள் தட்டினார்கள், ஆயா தட்டினார், நான் தட்டினேன். நீயும் தட்டினாய்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ அழுவாய், சண்டை போடுவாய், உங்கப்பாவிடம் சொல்வாய் என்று பயந்துகொண்டே இருந்தேன். நீ ஒன்றும் செய்யவில்லை. துண்டு துண்டாக உடைந்த கிரேயான்களைப் போட்டு வைத்திருந்த பழைய பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். "இந்தாம்மா, உன் டப்பா" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடன் வாங்கின சாமானைத் திருப்பிக் கொடுக்கிற குரல். எனக்கு அப்போது வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. தப்பித்தோம், இவன் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்கிற நிம்மதி. இத்தனை வருடமாக என்னைத் தின்றுகொண்டிருப்பது அந்தப் பொய்கூட இல்லை, அந்த நிம்மதிதான்.

அதற்குப் பிறகு நீ ஒரு படமும் போடவில்லை. எட்டாம் வகுப்பில் அறிவியல் நோட்டில் படம் வரைய வேண்டிய இடமெல்லாம் வெள்ளையாக இருக்கிறது என்று வாத்தியார் கூப்பிட்டனுப்பினார். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுக்கச் சொல்லி எல்லாரும் சொன்னோம், மார்க்கும் இருந்தது. "அதுல படம் போடணும், எனக்கு வராது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். உங்கப்பா, "ஏலே, படம் போட வராதுன்னு எவனாவது டாக்டருக்குப் படிக்காம இருப்பானா?" என்று உன்னைக் கிண்டல் செய்தார். எனக்கு மட்டும் தெரியும். நான் உள்ளே போய் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அப்போதாவது வெளியே வந்து சொல்லியிருக்கலாம். உனக்குப் பதினாறு வயது, எல்லாம் புரிகிற வயது. சொல்லவில்லை. இப்போது கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாய். அளவு மயிரிழை தப்பினாலும் ஒதுக்கி வைப்பேன் என்று பெருமையாகச் சொல்வாய். கேட்டுச் சிரிப்பேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது.

மே மாதம் நீயும் சுகன்யாவும் யாழினிப் பாப்பாவும் வந்திருந்தீர்களே, அந்த ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். வந்த மூன்றாம் நாள் காலையில் சுகன்யா லீவு வீட்டுப்பாடத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மயில் படம், கோடு மட்டும் அச்சடித்தது. யாழினி கலர் அடித்துக் கொண்டுபோக வேண்டும். நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நீயே கலர் அடிக்க ஆரம்பித்தாய். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் நீ நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டிருக்கிறாய். இருபத்தேழு வருடம் கழித்து என் பிள்ளை கையில் கலர். ஒரு நொடி எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. எவ்வளவு நன்றாக அடிக்கிறாய் தெரியுமா? நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே அந்த மினுமினுப்பு எங்கிருந்து வந்தது உனக்கு? யாரும் சொல்லித்தராதது. அது உன்னிடமேதான் இருந்திருக்கிறது, அத்தனை வருடமும் பூட்டிக் கிடந்திருக்கிறது.

யாழினி மேசை ஓரத்தில் முகவாயை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பச்சைக் கிரேயானை எடுத்தாள். அப்பாவோடு சேர்ந்து விளையாடுகிறோம் என்று நினைத்திருப்பாள், பாவம். மயிலின் கழுத்திலிருந்து தாளின் ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பு இழுத்தாள். நீ அவள் புறங்கையில் ஒன்று வைத்தாய். "கோட்டுக்கு வெளிய போகாதன்னு எத்தன தடவ சொல்றது? அது கையா காலா?" என்றாய்.

என் கையிலிருந்த பூண்டு தட்டில் விழுந்தது. அது உன் குரல் இல்லை அப்பு. அந்த வார்த்தையும் அந்த அடியும், புறங்கையில் அதே இடமும், எல்லாம் என்னுடையது. நான் செத்தாலும் சாகாமல் இருக்கிற மாதிரி உன்னிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். எழுந்து வந்து உன் கையைப் பிடித்திருக்க வேண்டும். எந்த முகத்தோடு வருவேன்? நீ ஒரு ரப்பரை எடுத்து அந்தப் பச்சையை முடிந்தவரை தேய்த்தாய். மயிலை முடித்தாய். கீழே அழகாக 'யாழினி' என்று எழுதினாய். சுகன்யா பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு, மிஸ் ஸ்டார் போடுவாங்க" என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை. நான் பார்த்த சுவரைத்தான் அவளும் பார்க்கிறாள்.

மத்தியானம் நீங்கள் இருவரும் திண்டுக்கல்லுக்குத் துணி எடுக்கப் போனீர்கள். பாப்பாவோடு நான் மட்டும். ஒரு வெள்ளைத் தாளையும் வெண்டைக்காயையும் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "எனக்கு வராது அப்பத்தா" என்றாள். வயது நாலரை. "சும்மா ஒரு பூ ஒத்து கண்ணு" என்றேன். பிறகு எனக்கு உதவி செய்கிறவள் மாதிரி சொன்னாள்: "நீங்க போடுங்க. கீழ என் பேர எழுதிக்கலாம்."

முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ அதிகாரிகள் வந்து என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் என்னை இப்படிப் பிடித்ததில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் செய்தது எதுவும் தெரியாது. தெரியாமலே என் வேலையை அப்படியே சொல்லிக் காட்டிவிட்டாள். நான் சமையற்கட்டுக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

முகம் கழுவி வந்து, ஒரு சொம்புத் தண்ணீரும் பழைய துடைப்பக் குச்சி நாலைந்தும் எடுத்துக்கொண்டு அவளை வாசலில் சிமெண்டுத் தரைக்குக் கூட்டிப் போனேன். வேப்பமர நிழல் பாதி, வெயில் பாதி. குச்சிக் கட்டைத் தண்ணீரில் முக்கித் தரையில் ஒரு கோடு இழுத்தேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் பக்கம் காய்ந்து மறைந்துவிட்டது. யாழினி குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். "காஞ்சு போயிருமா?" என்றாள். "செத்த நேரத்துல காணாமப் போயிரும்" என்றேன். "அப்ப அப்பா திட்ட மாட்டாருல்ல?" என்றாள். நான் இல்லை என்று தலையாட்டியதும் குச்சியைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன போட்டாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெரிதாக, வளைந்து வளைந்து, வாசல் முழுக்க. நீங்கள் ஆட்டோவில் வந்து இறங்கினபோது பாவாடை நனைய ஓடி வந்து, "அப்பா இங்க பாரு, நான் போட்டது!" என்று உன் கையைப் பிடித்து இழுத்தாள். நீ பார்த்தாய். தரை காய்ந்து கிடந்தது. "ஒண்ணுமே இல்லையே. பொய் சொல்றியா?" என்று சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாய்.

நீ விளையாட்டாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். அந்த அதிகாரிகூட அப்படித்தான் சொன்னார். அவள் உன்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். "ஆமாப்பா, அவ போட்டா, நான் பாத்தேன்" என்று நாலு வார்த்தை. அதைக்கூட என் வாய் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு உண்மையைச் சொல்கிற இடத்தில் என் வாய் அடைத்துப்போகிறது. இரண்டாவது தடவையும் ஒரு பிள்ளையைக் கைவிட்டேன்.

ஆகையால் நீ கேட்ட பத்துக்குப் பதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சத்துமாவைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து அவளிடம் கொடு, உருட்டட்டும், தின்னட்டும், இது என்ன என்று கேட்காதே. கேட்டால் உனக்காக ஒரு பதிலைத் தயார் செய்வாள். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் இழுக்கச் சொல். தட்டை ஆட்டினால் எல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து போடலாம். அரச இலையைத் தாளுக்கு அடியில் வைத்து மேலே கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்த்தால் நரம்பெல்லாம் எழும்பி வரும். அதைப் பார்த்து அவள் கத்தினால் நீயும் கத்து. பழைய நாளிதழைக் கிழிக்கட்டும், நேராகக் கிழிக்க வேண்டாம். அச்சடித்த மயிலையும் யானையையும் வீட்டுக்குள் விடாதே. பள்ளிக்கூடத்தில் கேட்டால் அவள் இழுக்கிற கோணல் கோட்டையே கொடுத்தனுப்பு. ஸ்டார் வராது, வராமல் போகட்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அவள் போடும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து உன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள். அவ்வளவுதான் வேலை. எனக்கு வராத வேலை அது. உனக்கு வருமா என்று தெரியவில்லை. வரும் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்திலாவது நான் பொய் எழுதக் கூடாது.

இன்னும் ஒன்று. ஏப்ரலில் ஓய்வு பெற்ற அன்று பால்வாடி பீரோவைக் காலி செய்தபோது, அடித்தட்டில் பழைய சார்ட்டுச் சுருள் ஒன்று கிடந்தது. பிரித்தால் உன் யானை. ஓரமெல்லாம் பழுப்பேறியிருக்கிறது, கத்தரிப்பூ நிறம் மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து பரண்மேல் வைத்தேன். மே மாதம் நீ வரும்போது கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஏழு நாளும் நீ அந்தப் பரணுக்குக் கீழேதான் படுத்திருந்தாய். மயிலைப் பார்த்த பிறகு எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கு அதை இறக்கினேன். குறைந்தபட்சம் அந்தப் பெயரையாவது எடுத்துவிட்டு உன் பெயரை எழுதலாம் என்று பிளேடை வைத்து மெதுவாகச் சுரண்டினேன். ஸ்கெட்ச் பேனா மை, தாளுக்குள் இறங்கிவிட்டிருக்கிறது. முருகேசன் போகவில்லை, தாள்தான் கிழிந்தது. யானையின் முன்னங்கால் இருந்த இடத்தில் இப்போது ஓர் ஓட்டை. கடைசியில் அதையும் நான்தான் கெடுத்தேன்.

ஓட்டையோடேயே அதை இந்தக் கடிதத்தோடு சுருட்டிக் கூரியரில் போடுகிறேன். இதனால் எதுவும் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. உனக்கு ஏழு வயது திரும்ப வராது. அந்தச் சனிக்கிழமையும் திரும்ப வராது. நீ பிரிக்கும்போது யாழினி பக்கத்தில் இருப்பாள், எட்டிப் பார்ப்பாள், யார் போட்டது என்று கேட்பாள். அன்றைக்கு அந்தப் பெரிய அதிகாரி கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை நீ எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாம் அப்பு. இந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டு.

சார், அது என் மகன் போட்டது. அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்.

அம்மா